கொட்டாஞ்சேனை சலூனில் முடிந்த போர்

நான் நேரத்தை மீறினால் அடிப்பதற்கென்றே மணியைக் கையருகே வைத்துக்கொண்டு தலைமை தாங்கும் பத்மாவதி அம்மையார் அவர்களே. கொழும்பின் காலி வீதி வாகன நெரிசலை வென்று வெள்ளவத்தை வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே. பிள்ளைகளின் இரண்டு ரியூசனுக்கு நடுவே கிடைத்த ஒரு மணி நேரத்தை எங்கள் வாசகர் வட்டத்துக்குத் தந்திருக்கும் தாய்மார்களே. மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்த புத்திசாலி இளைஞர்களே. உங்கள் அனைவருக்கும் என் கனிந்த வணக்கம்.

தூர தேசத்தில் நீளும் போருக்குச் சொந்த நாட்டிலே ஆதரவு ஏன் சரிகிறது? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. கடல் கடந்து படை அனுப்பிய வல்லரசுகளை எண்ணிப் பாருங்கள். முதல் மாதம் சன்னலெல்லாம் கொடி, சந்தியெல்லாம் முழக்கம், கப்பல் புறப்படும் துறையெல்லாம் பூமாலை. சில ஆண்டுகள் போகட்டும். அதே சந்தியில் அதே மக்கள், "பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவா" என்று நிற்கிறார்கள். கோழைகளாகிவிட்டார்களா? களைத்துவிட்டார்களா? முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு படிப்பித்த எனக்கு இதற்கு விடை கிடைத்தது வகுப்பறையில் அல்ல. கொட்டாஞ்சேனையில் ஜெயகுமாரின் சலூனில்.

ஜெயகுமார் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கடை போட்டவர். வெளிநாட்டுப் போர் ஒன்று தொடங்கிய வாரம், கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு வரைபடத்தை ஒட்டினார். எங்களுக்குப் பிடித்த படை முன்னேறினால் குண்டூசி நகரும். நகர்ந்தால் எல்லாருக்கும் பால் விடாத பிளேன்டீ. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பேர்னாட், மாளிகாவத்தையிலிருந்து ஆட்டோ ஓட்டிவரும் புவாத், கடைக்காரர் ஜெயகுமார் ஆகிய மூவரும் அந்தப் படையின் ஆதரவாளர்கள். நாலாவது ஆதரவாளர் யார் என்கிறீர்களா? வெட்கத்தோடு சொல்கிறேன், அடியேன்தான்.

என்ன தம்பி பின்வரிசையில்? எந்த நாட்டின் பக்கம் நின்றோம் என்றா? சொல்லமாட்டேன். சொன்னால் இந்த மண்டபமே இரண்டு அணியாகும். வடை வந்தபிறகு கேளுங்கள்.

முதலில் ஒரு பாலத்தைப் பிடித்தால் போர் முடியும் என்றோம். பிடித்தார்கள், முடியவில்லை. பிறகு ஒரு குன்று என்றோம். அதையும் பிடித்தார்கள். பிறகு பேர்னாட் சொன்னார், "இது இப்ப மானப் பிரச்சினை, சேர்." பாலத்தைப் பிடிக்கலாம், குன்றைப் பிடிக்கலாம், மானத்தைப் பிடித்துவிட்டோம் என்று யார், எந்தத் தேதியில் அறிவிப்பது? அடுத்த மாதம் வெற்றி, அடுத்த மாதம் வெற்றி என்று இருபத்திரண்டு மாதம் போயிற்று. பேக்கரிப் பாண் விலை ஏறியது. புவாத்தின் குரல் சற்றே இறங்கியது. ஆனாலும் பிளேன்டீ வந்தது, குண்டூசியும் நகர்ந்தது.

அந்தக் குண்டூசியை நகர்த்தியவர் ஜெயகுமாரின் மகன் ஜீவராஜ். இருபத்தாறு வயது. சாரதி உத்தியோகம் தேடிக்கொண்டிருந்தார். செய்தியை வாசித்து ஊசியை நகர்த்தச் சொல்லி, நாங்களே அவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தோம். "வீரமெண்டா அது" என்று நாங்கள் நாள்தோறும் சொன்னதெல்லாம் யாருடைய காதில் விழுந்தது என்று ஒருநாளாவது யோசித்தோமா?

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். ஜீவராஜ் சில பத்திரங்களை என் மடியில் வைத்தார்.

"சேர், இந்தப் போட்டோக் கொப்பியில உங்க ஜேபி சீல் ஒண்ணு வேணும். அங்க படைக்கு ஆள் எடுக்கிறாங்க. ஏஜென்டோட கதைச்சிட்டேன். வெள்ளிக்கிழமை கையெழுத்து."

நான் ஒரு ஜேபி, அதாவது சமாதான நீதவான். பாடசாலை அனுமதி, அடையாள அட்டை, கல்யாணப் பதிவு என்று பிரதிகளை உறுதிப்படுத்தி முத்திரை குத்துவது எனக்குக் கைப்பழக்கம். போருக்குப் போக ஒருவர் அந்த முத்திரையைக் கேட்டது அன்றுதான். பாதி முகம் மழித்த பேர்னாட், பாதி முகம் நுரையோடு நாற்காலியிலிருந்து எழுந்தார். ஜெயகுமாரின் கையில் கத்தி அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்து, சாப்பாட்டுக் கரியரோடு உள்ளே வந்தார் ஜீவராஜின் தாய் இராமலெட்சுமி. பத்திரத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அழவில்லை. வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"சேர், இந்த ஊசி குத்தியிருக்கிற ஊருக்குப் பேரு என்னங்க?"

"தெரியாதம்மா."

"படிச்ச உங்களுக்கே பேரு தெரியாத ஊருல என் புள்ளைக்கு என்னங்க வேலை?"

பேர்னாட் மெல்ல, "மானம் எண்டு ஒண்டு..." என்றார்.

"யாரு மானம்ங்க? உங்க மகன் மெல்பேர்ன்ல சும்மாதான இருக்காரு. அவருக்கும் ஒரு ஃபோர்ம் வாங்கச் சொல்லட்டுங்களா?"

"ஐயோ, அவனுக்கு முதுகு வலி."

புவாத், யாரும் கேட்கும் முன்னமே, "எனக்கு ஈக்கிறது ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்று நானும் சிரிக்கிறேன். அன்று சிரிக்கவில்லை. இருபத்திரண்டு மாத ஆதரவு இரண்டு நிமிடத்தில் இடிந்து விழுந்தது. ஆனால் ஜீவராஜ் விழவில்லை. நான் முத்திரை குத்தாவிட்டால் அடுத்த ஒழுங்கையில் இன்னொரு நீதவான் இருக்கிறார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரைத் தடுக்க எங்களிடம் இருந்தது உண்மை ஒன்றுதான்.

பேர்னாட் நுரையைத் துடைத்துக்கொண்டு அதைச் சொன்னார். "மகன், நாங்க சும்மா கதைச்சது."

"ரெண்டு வருஷமா சும்மாவா, அங்கிள்?"

"ஓம், மகன். சும்மாதான்."

நான் எழுந்து, என்னிலும் நாற்பது வயது இளையவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜீவராஜ் எங்கள் நால்வரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பத்திரங்களை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அம்மா, என்ன கறி?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை அவர் போகவில்லை. இப்போது பாடசாலை வான் ஓட்டுகிறார். பிள்ளை ஐந்து நிமிடம் பிந்தினால் பெற்றோரைத்தான் ஏசுகிறார்.

அன்பர்களே, ஆதரவு சரிவது மக்கள் கோழையாவதால் அல்ல. களைப்பும் விலைவாசியும் அந்த ஆதரவின் கதவைத் தட்டும். கதவை உடைப்பது அவையல்ல. ஊசி என்று நினைத்தது ஒரு பிள்ளை என்று தெரிகிற நாளில்தான் உடைகிறது. அதுவரை நாம் கொடுத்த ஆதரவு யாருடையது? அடுத்த வீட்டுப் பிள்ளையை எடுத்து நாம் கொடுத்த ஆதரவு அது. பேரரசுகளும் அதைத்தான் கொடுத்தன. எங்கள் சலூனும் அதைத்தான் கொடுத்தது.

ஆகவே நான் கேட்பது ஒன்றே. இராமலெட்சுமி கேட்ட கேள்வியை இருபத்திரண்டாவது மாதத்தில் கேட்டுப் பயனில்லை. முதல் நாள் கேளுங்கள். முழக்கம் எழும்போதே கேளுங்கள். கொடி தைக்கத் துணி வெட்டும்போதே கேளுங்கள். "யாருடைய பிள்ளை?" என்று உரக்கக் கேளுங்கள். பதில் சொல்பவர் தன் வீட்டைத் தவிர மற்ற எல்லா வீட்டையும் காட்டினால், அந்தப் போர் அந்த இடத்திலேயே தோற்றுவிட்டது.

பொறுமையோடு செவிகொடுத்த அவைக்கும், அழைத்த வாசகர் வட்டத்துக்கும் நன்றி சொல்லி, உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் பெயர் தெரியாத அந்த ஊர்ப் பிள்ளைகளும் இன்று மாலை வேளையோடு வீடு திரும்ப வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்.