குறிப்பாக மாறிய எச்சரிக்கை

இணையதளம் என்றாலே பலருக்கும் ஒரு மிரட்சி. உண்மையில் அது சமையலறை அலமாரி மாதிரிதான். எந்த டப்பாவில் எது என்று தெரிந்தால் போதும். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல, அந்த டப்பாக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும் சார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடிநீர் அலுவலகத்தின் தளத்தை நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன். அதில் எதை எழுதினாலும் முதலில் அதற்கு ஒரு வகை கொடுக்க வேண்டும். வகைதான் அதன் தலையெழுத்து. 'செய்தி' என்றால் உள்ளே ஏதோ ஒரு பக்கத்தில் போய் உட்காரும். 'எச்சரிக்கை' என்றால் முகப்பில் சிவப்புப் பட்டையாக நிற்கும். எந்தப் பகுதிக்கு என்ற பிரிவையும் தேர்ந்தெடுத்தால், அந்தப் பகுதியின் எல்லாக் கைப்பேசிகளுக்கும் தானாகவே குறுஞ்செய்தி போகும். இதையெல்லாம் அமைத்தது நான். இன்றும் எனக்கு அதில் பெருமைதான்.

குறுஞ்செய்தியின் அடியில் விசாரிக்க ஓர் எண் வேண்டும் என்றார்கள். என் எண்ணைப் போட்டார்கள்.

ஒருமுறை குழாய் உடைந்தபோது, தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லி எச்சரிக்கை போட்டேன். அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை. "ஏன்யா, கொதிக்க வெச்ச தண்ணியில பல்லு தேய்ச்சா வாய் வெந்திராதா?" என்று ஒருவர். "சும்மாவா சம்பளம் வாங்குறீங்க, பதில் சொல்லுங்க" என்று இன்னொருவர். கோபம் வரவில்லை சார். அலுப்பு. தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு.

அதன் பிறகுதான் 'குறிப்பு' என்ற புதிய வகையை உருவாக்கினேன். பட்டை கிடையாது, குறுஞ்செய்தி கிடையாது. 'தர ஆய்வு' என்ற பிரிவுக்குள் பேசாமல் கிடக்கும். தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும்.

ஆய்வகத்து மேடத்தின் அறிக்கை ஒரு மத்தியானம் வந்தது. கிழக்குப் பகுதித் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது, கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. ஓர் எழுத்து விடாமல் தட்டச்சு செய்தேன். முதலில் 'எச்சரிக்கை' என்றுதான் தேர்ந்தெடுத்தேன். பிறகு மேசைமேல் கிடந்த கைப்பேசியைப் பார்த்தேன். 'குறிப்பு' என்று மாற்றினேன்.

மேடம் கூப்பிட்டார். "போட்டாச்சா தம்பி?"

"போட்டாச்சு மேடம்."

அது பொய்யில்லை.

நாங்களும் கிழக்குப் பகுதிதான். மனைவியைக் கூப்பிட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னேன்.

"கீழ்வீட்டு அக்காகிட்டயும் சொல்லிடட்டாங்க? கைக்குழந்தை வெச்சிருக்காங்க."

"வேணாம். அந்தக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. தெருவுக்கே சொல்லும், அப்புறம் எல்லாரும் என்னைத்தான் போன்ல பிடிப்பாங்க. தளத்துல போட்டிருக்கேன், பாத்துக்குவாங்க."

"ஆமா, அதைத்தான் எல்லாரும் காலையில எந்திரிச்சதும் பாக்குறாங்களாக்கும்."

ஆனாலும் அவள் சொல்லவில்லை. என் பேச்சைத் தட்ட மாட்டாள்.

ஆஸ்பத்திரி நிரம்பியது. கட்டில் போதாமல் தாழ்வாரத்தில் படுக்க வைத்தார்கள். மொத்தம் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும், நான் எண்ணவில்லை. கீழ்வீட்டுக் குழந்தை இறந்த அன்று மேலதிகாரி என்னிடம், "நாம எச்சரிக்கை குடுத்தோம்ல? அதை எடுத்து வைய்யா" என்றார். நான் அந்தக் குறிப்பைத் திறந்து, வகையை 'எச்சரிக்கை' என்றும் பிரிவைக் 'கிழக்குப் பகுதி' என்றும் மாற்றினேன். வகையை மாற்றினாலும் பழைய தேதி அப்படியே நிற்கும். முதல் நாளே எச்சரித்தது போலத் தெரியும்.

ஆனால் எச்சரிக்கை ஆன அந்த நொடியே அது தன் வேலையைச் செய்துவிட்டது. கிழக்குப் பகுதியின் கைப்பேசிகள் எல்லாம் ஒலித்தன. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலும்தான். கீழ்வீட்டு அக்கா குழந்தையை மடியில் கிடத்தியபடி அதைப் படித்தாராம்: தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும். என் மனைவி பக்கத்தில் இருந்தாள். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் புகார் சொல்ல வந்ததும் அவள்தான். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் பிழையை ஒப்புக்கொள்கிறேன் சார். வகையை மாற்றும்போது, குறுஞ்செய்தி போகாமல் நிறுத்திவைக்க ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.