தண்டோரா போட வேண்டியவர்

"செத்தவரு எப்படிண்ணே தண்டோரா போடுவாரு?"

கோச்சடையில் நான் ஏறிய டவுன் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்து வந்தது அந்தக் கேள்வி. கேட்டவர் தோளில் துண்டு போட்ட ஒரு விவசாயி. பக்கத்தில் தாலுகா ஆபீஸ்காரர், மடியில் ஃபைலோடு. காதைப் பொத்திக்கொண்டா உட்கார முடியும்?

"எங்க அப்படிப் போட்டிருக்கு?"

"இந்தா, இந்த வருச வெள்ள லிஸ்ட்ல. ஆத்துல தண்ணி வந்தா கரையோரக் குடிசைகளுக்குத் தண்டோரா போட வேண்டியவர் கருப்பையான்னு இருக்கே. அவரைத்தான் போன வருசம் வெள்ளம் கொண்டுட்டுப் போயிருச்சே."

"தெரியும் மாப்ள. பழைய லிஸ்ட்டைப் பாத்துத்தான் வருசா வருசம் புதுசு எழுதுறோம். பேரை அடிக்கணும்னா இறப்புச் சர்டிபிகேட் வேணும்."

"வாங்கிற வேண்டியதுதானே?"

"பாடியே கிடைக்கலையே. யாரு குடுப்பா?"

ஜன்னலுக்கு வெளியே வைகை வெறும் மணலாகக் கிடந்தது. மேற்கே நல்ல மழைக் கருக்கல்.

"அவரு சம்சாரம் ரெண்டு பிள்ளைகளோட இன்னமும் அந்தக் குடிசையிலதான் இருக்கு. ஐப்பசி பிறக்கப் போகுது. தண்ணி வந்தா அதுக்கு யாருண்ணே சொல்லுவா?"

ஆபீஸ்காரர் லிஸ்ட்டில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"கருப்பையாதான்" என்றார்.