மூன்றாவது பெட்டி

எனக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம், மேடம். நான் பேசுவது காதில் விழாவிட்டால் சொல்லுங்கள். அலுவலகத்தில் என் மேல் இருந்த ஒரே புகார் அதுதான்.

எங்கள் கம்பெனி பாண்டி பஜாருக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறோம். நோயாளியின் விவரம் பெட்டிக்குள் பெட்டியாக இருக்கும். வெளிப்பெட்டியில் பெயர், வயது. அதற்குள் சிகிச்சை. அதற்கும் உள்ளே, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரம். அது வார்டில் தெரியவில்லை என்று ஒரு நர்ஸ் போன் செய்தார்.

எங்கள் டீம் லீட் பரத்வாஜ், மொத்தத்தையும் திரையில் பிரிண்ட் போட்டுப் பார்த்தார். அந்தக் கட்டளை இரண்டு பெட்டிகளைத்தான் திறக்கும். மூன்றாவது வந்தால், காலியா நிறைந்ததா என்று பார்க்காமல் 'ஆப்ஜெக்ட்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அவ்வளவு அனுபவசாலிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

"உள்ள இருக்கே! நர்ஸ்தான் கண்ணாடி மாத்தணும்."

நான் கையைத் தூக்கினேன்.

"வைதேகி பேசப் போறா. யாராவது சப்டைட்டில் போடுங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். கையை இறக்கிக்கொண்டேன்.

என் இடத்துக்கு வந்து எல்லாப் பெட்டிகளையும் திறந்து பிரிண்ட் போட்டேன். மூன்றாவது காலி. வார்டுக்குப் போகும் வழியில் விவரம் உதிர்ந்துவிடுகிறது. என் லேப்டாப்பில் ஒரு வரியில் சரிசெய்தேன். யாருக்கும் அனுப்பவில்லை. எவருக்காவது லேசாகத் தடிப்பு வரட்டும், பரத்வாஜ் மேலிடத்தில் நின்று விளக்கம் சொல்லட்டும் என்று நினைத்தேன். சப்டைட்டில் இல்லாமல்.

வெள்ளிக்கிழமை மதியம், கணக்குப் பிரிவு ஜுவேரியா தன் டப்பாவிலிருந்து எனக்குக் கபாப் எடுத்து வைத்தாள்.

"திங்கக்கிழமை எங்க அம்மிக்கு முட்டி ஆபரேஷன்டி. பென்சிலின் போட்டா அவங்களுக்கு மூச்சே நின்னுடும். அட்மிஷன்ல சொல்லிட்டேன். உங்க சாஃப்ட்வேர்தானே, நம்பலாம்ல?"

வாய் நிறைய கபாப். தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் பரத்வாஜ் தப்பித்துவிடுவார்.

ஜுவேரியாவின் அம்மா ஜமீலுன்னிசா ஆன்ட்டி நல்ல மனுஷி. ஜனாஸாவன்று, உடலை அடக்கத்துக்கு எடுக்கும்போது, வீட்டுக்குப் போயிருந்தேன். ஜுவேரியா என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். பரத்வாஜ் வாசலோடு நின்றுவிட்டார். பாவம், பேச்சே வரவில்லை அவருக்கு.

விசாரணைக்கு என் லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள், மேடம். ஆன்ட்டியின் விவரத்தை அதில் ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது பெட்டியில், பென்சிலின் கூடாது என்று சிவப்பு எழுத்தில் வரும். என் வேலையில் ஒரு பிழையும் கிடையாது.