எட்டு எழுத்து

“யாரு வண்டின்னு நான் கேக்கலம்மா. டெய்லி ஒரே வண்டின்னுதான் சொல்றேன்” என்று வீட்டுக்கார லவினா ஆன்ட்டி முதல் மாடியிலிருந்து குரலை உயர்த்தினார்.

“டெய்லியா? எண்ணிப் பாத்தீங்களா ஆன்ட்டி? மழை பேஞ்சுது, பஸ் வரல, சார் எறக்கி விட்டுட்டுப் போனாரு. இதுக்குப் போயி தெருவே கேக்கற மாதிரி கத்துறீங்க.”

“தெருதாம்மா எங்கிட்ட வந்து கேக்குது. நான் என்ன ஜவாப் சொல்றது?”

“குடியிருக்கற பொண்ணு மழையில நனையாம வந்தான்னு சொல்லுங்க.”

பழனிச்சாமி அண்ணா, உங்கள் மகள் தமயந்தி எங்கள் பெங்களூர் ஈஜிபுரா கட்டடத்தில் போட்ட ஒரே சண்டை அதுதான். நான் மொட்டை மாடிக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காய்ந்த துணியைத்தான் மறுபடி காயப்போட்டேன். சண்டை முடியும்வரை கைக்கு ஒரு வேலை வேண்டுமே.

போன வாரம் போனில் கேட்டீர்கள். “ஏம்மா ஜூடித்து, ஒரே வீடு, ஒரே ஆபீசு. எம்பொண்ணு அப்பிடி செஞ்சிருப்பாளா? ‘நானே செஞ்சுட்டு மறந்துட்டனோப்பா’ன்னு எங்கிட்டயே கேக்குறாம்மா.” பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. எனக்கு எழுதினால்தான் வரும். அதனால் எழுதுகிறேன்.

பதினான்கு வருடமாக அந்த ஆராய்ச்சி நிலையத்தின் கணினி அறை என் பொறுப்பில் இருக்கிறது. பிள்ளைகள் தரவுகளைக் கொண்டுவருவார்கள்; நான் ஒழுங்குபடுத்தி, மென்பொருளில் ஓடவிட்டு, விடையைத் திருப்பிக் கொடுப்பேன். யார் யாரோடு காபி குடிக்கப் போனார்கள் என்பதும் எனக்குத் தெரிந்துவிடும். ஜன்னல் அப்படி அமைந்திருக்கிறது.

தமயந்தியின் வேலையைப் பற்றி நீங்கள் அவளிடமே கேட்டிருப்பீர்கள். செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளில் எழுதிய மிக நீண்ட வரி. ராகிப் பயிர் தண்ணீரில்லாமல் வாடும்போது ஒரு புரதம் ஓடிவந்து அந்த வரியில் சில இடங்களில் மட்டும் உட்கார்ந்து, தூங்கும் மரபணுக்களை எழுப்புகிறது. எந்த எழுத்துகளைப் பார்த்து உட்காருகிறது என்பதுதான் அவள் கேள்வி. “எங்கப்பா லேத்துல மரை ஒத்தாத்தான் நட்டு ஏறும்பாருக்கா. அந்த மரையத்தான் தேடுறேன்” என்று என்னிடம் சொன்னாள். புரதம் உட்கார்ந்த அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டுகளைப் பிரித்தெடுத்து வைத்திருந்தாள். அத்தனையிலும் திரும்பத் திரும்ப வரும் சிறிய எழுத்துக் கோவை எது என்று மென்பொருள் தேடும்.

அடிக்கடி வந்தால் மட்டும் போதாது. புரதம் உட்காராத துண்டுகளையும் கொடுத்து ஒப்பிட வேண்டும். அதற்குப் பின்னணிக் கோப்பு என்று பெயர். அங்கேயும் அதே அளவு வந்தால் அந்தக் கோவைக்கு அர்த்தமில்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் தெருவை வைத்து இதைச் சொல்லிக் கொடுப்பேன். பால்காரர் ஒரு வீட்டுக்குத் தினம் வருகிறார் என்பது செய்தியே இல்லை, எல்லா வீட்டுக்கும்தான் வருகிறார் என்பேன். சிரிப்பார்கள். தமயந்தி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

லவினா ஆன்ட்டி சொன்ன அந்த வண்டி ஞானசேகரனுடையது. எங்கள் நிலையத்தில் கருவி அறையைப் பார்த்துக்கொள்பவர். மனைவி தவறி அப்போது ஆறு வருடம். எனக்கும் அவருக்கும் ஒரே கோயில். பூசை முடிந்து வெளியே வந்தால் அம்மாவின் முட்டிவலி எப்படி என்று விசாரிப்பார். இரண்டு கிறிஸ்துமஸுக்கு வீட்டில் செய்த கேக் கொண்டுவந்து கொடுத்தார். எங்களுக்குள் ஒன்றும் இல்லை, அண்ணா. இருக்கப்போகிறது என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

மேம்பால வேலையால் பஸ்கள் சுற்றிப் போன காலம். என்னையும் இரண்டு தடவை “வர்றீங்களா, எறக்கி விடறேன்” என்று கேட்டார். நாலு பேர் பார்ப்பார்கள் என்று மறுத்தேன். பார்க்கிற அந்த நாலு பேரில் நானும் ஒருத்திதான், அது வேறு விஷயம். உங்கள் மகள் மறுக்கவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பதினொரு தடவை. சமையலறை காலண்டரில் அந்தந்தத் தேதியில் புள்ளி வைத்திருக்கிறேன். பதினொன்று என்பது தற்செயல் ஆகாது.

ஆகஸ்டில் அவளுடைய முதல் ஓட்டம் முடிந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. எந்தக் கோவையை எடுத்தாலும் பின்னணியிலும் அதே அளவு இருந்தது. கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து அழுதாள். அப்போது ஞானசேகரன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். எனக்கு வைக்கவில்லை. நான் அழவில்லைதான்.

அடுத்த ஞாயிறு, முதல் பூசை முடிந்து நிலையத்துக்குப் போனேன். காலை பத்து மணி. வாசலில் காவலாளி சுனில் கன்னடப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தமயந்தியின் கணக்கில் நுழைந்தேன். முன்பொரு முறை உங்கள் ஊருக்குக் கிளம்பும்போது, “ரன் முடிஞ்சா பாத்துச் சொல்லுங்கக்கா” என்று கடவுச்சொல்லை அவளே என்னிடம் கொடுத்திருந்தாள். உங்கள் பெயரும், ஊத்தங்கரையில் நீங்கள் பட்டறை ஆரம்பித்த வருடமும்.

அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டுகளில் நூற்று நாற்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றிலும் எட்டு எழுத்துகளை அழித்து, அதே இடத்தில் நான் எழுதிய எட்டை வைத்தேன். நீளம் மாறக் கூடாது. எல்லாம் அச்சடித்ததுபோல ஒன்றாகவும் இருக்கக் கூடாது. இயற்கை கொஞ்சம் பிசகித்தான் எழுதும். அதனால் சிலவற்றில் மூன்றாவது எழுத்தையும், சிலவற்றில் கடைசி எழுத்தையும் மாற்றினேன். பின்னணிக் கோப்பைத் தொடவில்லை. பொறுமையான வேலை. கோலம் போடுவதுபோல இருந்தது. பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தேன்.

ஏதாவது ஒன்று கிடைக்க வேண்டும் என்று அவள் ஏங்கினாள். கிடைக்கும்படி செய்தேன். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு இப்படித்தான் தோன்றியது.

திங்களன்று மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். முதல் தடவை மென்பொருளில் ஏதாவது வடிகட்டி விடுபட்டிருக்கும் என்றேன். மென்பொருள் என்னுடைய எட்டு எழுத்தை முதல் இடத்தில் போட்டுக் காட்டியது. “அக்கா, வந்துடுச்சுக்கா” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். மதியம் எல்லோருக்கும் இனிப்பு, தார்வாட் பேடா. தாழ்வாரத்தில் நின்று உங்களுக்கு போன் செய்தாள். “அப்பா, மரை கெடச்சுடுச்சுப்பா.” நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் ஸ்பீக்கரில் போடவில்லை.

மென்பொருள் சொன்னதைச் சோதனைக்கூடத்தில் நிரூபிக்க வேண்டும். அந்த எட்டு எழுத்துள்ள டி.என்.ஏ.வைச் செய்து வாங்கி, புரதத்தோடு ஒரே குழாயில் விட வேண்டும். புரதம் பிடித்துக்கொண்டால் ஜெல் என்ற கூழ்த்தகட்டில் மேலே ஒரு கோடு தெரியும். பதினான்கு மாதம் அந்தக் கோட்டுக்காகக் காத்திருந்தாள். புரதத்தைப் புதிதாகச் செய்தாள். உப்பைக் கூட்டினாள், குறைத்தாள். பனிக்கட்டியில் கை வைத்து வைத்து விரல் நுனிகள் வெடித்துவிட்டன. “எனக்குக் கை சரியில்லக்கா. மத்தவங்க செஞ்சா வருது” என்பாள். தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். சுக்குக் காபி போட்டுக் கொடுப்பேன். ராகிச் செடி எந்தக் காலத்திலும் எழுதாத எட்டு எழுத்தை அந்தப் புரதம் எப்படிப் பிடிக்கும்?

சொல்லியிருக்கலாம். எந்த நாளும் சொல்லியிருக்கலாம். அதனாலேயே எந்த நாளும் அவசரமாகத் தெரியவில்லை. ஜெல் கருவியை ஞானசேகரன் அவளுக்காக மூன்று தடவை பழுதுபார்த்தார். அதற்கும் புள்ளி வைத்தேன்.

அவள் ஆராய்ந்தது ஒரு நாட்டு ராகி. அதன் முழு டி.என்.ஏ.வை அதுவரை யாரும் படித்து வெளியிட்டிருக்கவில்லை. அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. பிறகு வடக்கே ஒரு குழு படித்து வெளியிட்டது. ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஜூனியரான தீபிகா, ஆசையாக, அக்காவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அதையும் தமயந்தியின் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நூற்று நாற்பது இடத்தில் மட்டும், சரியாக எட்டு எட்டு எழுத்து வேறாக இருந்தது. தீபிகா அதை அச்செடுத்து மேலிடத்துக்குக் கொண்டுபோனாள்.

விசாரணைக் குழுவுக்கு ஸ்ரீஹர்ஷா சார் தலைவர். என்னைக் கூப்பிட்டார்கள். கோப்பு எப்போது மாறியிருக்கிறது என்று கேட்டார்கள். தேதியும் நேரமும் சொன்னேன். யார் கணக்கிலிருந்து என்றார்கள். தமயந்தியின் கணக்கிலிருந்து என்றேன். இரண்டும் உண்மை.

அவளிடம் கேட்டபோது என் பெயரைத்தான் சாட்சிக்குச் சொன்னாள். “அந்த ஞாயித்துக்கெழம எனக்கு ஜுரம் சார். ரூம விட்டே வரல. ஜூடித்தக்காவுக்குத் தெரியும். அவங்கதான் ரசஞ்சாதம் கொடுத்தாங்க.”

என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒன்றரை வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு எப்படி நினைவிருக்கும் என்று கேட்டேன். நியாயமான கேள்விதான் என்று மூவருமே தலையாட்டினார்கள்.

அது மிளகு கொஞ்சம் கூடுதலாகப் போட்ட ரசம், அண்ணா. பூசைக்குப் போவதற்கு முன் கொடுத்தேன். மாத்திரையும் கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, தூங்கு என்று கதவைச் சாத்திவிட்டுத்தான் பூசைக்கும் அங்கிருந்து நிலையத்துக்கும் போனேன்.

அவளுடைய பிஎச்.டி. பதிவை ரத்து செய்தார்கள். நீங்கள் வேன் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். புத்தகங்களை நான்தான் அட்டைப் பெட்டியில் கட்டினேன். “நீங்க ஒருத்தர் இருந்ததாலதாம்மா அவ இத்தன நாள் தாங்குனா” என்று சொல்லி ஒரு பை மாம்பழம் கொடுத்தீர்கள். எல்லாம் நல்ல இனிப்பு.

அதற்குப் பிறகு இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தமயந்தி இருந்த அறைக்கு இரண்டு ஐடி பையன்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் வண்டியில் யார் வருகிறார்கள் என்று லவினா ஆன்ட்டி கேட்பதில்லை. தீபிகா ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு புனே போய்விட்டாள். ஞானசேகரன் போன மாதம் ஆடுகோடியைச் சேர்ந்த நர்ஸ் பிரிஜெட்டைக் கட்டிக்கொண்டு சந்தாபுராவுக்குக் குடிபோனார். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருந்தேன்.

பந்தியில் சுனில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். “சார் வண்டி பின் சீட்டு நம்ம லேப் பஸ் மாதிரி. நானே முப்பது வாட்டி போயிருப்பேன். தீபிகா மேடம், க்ளென் சார், கேன்டீன் சாமிநாதன், எல்லாம் ஏறியாச்சு. ஏறாதவங்க நம்ம ஜூடித் மேடம் ஒருத்தர்தான்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரியாணி நன்றாக இருந்தது.

மாற்றாத மூலக் கோப்பு என்னிடம் இருக்கிறது. பதினான்கு வருடத்தில் நான் எதையும் அழித்ததில்லை. அதை ஒரு பென்டிரைவில் போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஸ்ரீஹர்ஷா சாரிடம் இரண்டையும் காட்டுங்கள். தமயந்தியிடம், நீ செய்யவில்லை, ஜூடித்தக்கா செய்தாள் என்று சொல்லுங்கள். அவள் கை நல்ல கை. அதையும் சொல்லுங்கள்.

காலண்டர் தாள்களையும் கிழித்து வைத்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ‘ஜுரம், ரசம்’ என்று என் கையெழுத்தில் இருக்கும். மற்றப் புள்ளிகளையும் பாருங்கள். சுனில் சொன்னதை நான் யோசிக்காமல் இல்லை. முப்பதோ நாற்பதோ, ஆண்பிள்ளைகளை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தீபிகா எத்தனை தடவை போனாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பதினொன்று கூடுதல்தானே, அண்ணா?