கூடப் படித்தவர்

பயிற்சி வகுப்பில் தூங்குகிறவர்கள் மேல் எனக்கு ஒருபோதும் கோபம் வந்ததில்லை. காலையிலிருந்து நின்றபடி வேலை பார்த்த ஒருவரை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, விளக்கை அணைத்து, திரையில் படம் காட்டினால் அவர் தூங்காமல் வேறென்ன செய்வார்? குறை பாடத்தில்தான் இருக்கிறது, ஆளில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜரிடம் இதைத்தான் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். இதுதான் ஆரம்பம்.

எங்களுடையது பெரிய சலவை நிலையம். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகத் துணி வரும். படுக்கைவிரிப்புகளை இஸ்திரி போட ஓர் இயந்திரம் உண்டு. நீராவியில் கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே ஈரத் துணி ஒரு பக்கம் நுழையும், மறுபக்கம் அப்பளம்போல் காய்ந்து வரும். சில சமயம் துணி உருளையில் சுற்றிக்கொள்ளும். அப்போது மெயின் சுவிட்சை அணைத்து, அதில் அவரவர் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கையை உள்ளே விடவேண்டும். ஏனென்றால் பின்பக்கம் மடிப்பு மேசையில் நிற்பவருக்கு முன்பக்கம் தெரியாது. மெஷின் சும்மா நிற்கிறதே என்று அவர் சுவிட்சைப் போட்டுவிடலாம்.

இந்த விதியைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். யாரும் கடைப்பிடிக்கவில்லை. நான் சேர்வதற்குச் சற்று முன்பு ஒருவருக்கு விரல்கள் போயிருந்தன. அதற்குப் பிறகு அதே தாளை இன்னொரு சுவரிலும் ஒட்டினார்கள்.

என்னை எடுத்தது இதைச் சரிசெய்யத்தான். எல்லோர் கைபேசியிலும் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தேன். தேநீர் இடைவேளையில் சின்னதாய் ஒரு பாடம், சில கேள்விகள். சரியாகச் சொன்னால் புள்ளி, நிறையப் புள்ளி சேர்ந்தால் நட்சத்திரம், வாரத்தின் முதல் ஆளுக்குக் கிரீடம். முதலில் ஒரே உற்சாகம். பாய்லர் பார்ப்பவர் தொடர்ந்து கிரீடம் வாங்கினார். பிறகுதான் தெரிந்தது, வீட்டிலிருந்து அவருடைய மாமியார் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மாமியாருக்கு நீராவி அழுத்தம் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது. பாய்லர் பழையபடியே இருந்தது.

கொஞ்ச நாளில் செயலியைத் திறப்பதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் சோர்ந்துபோகவில்லை. ஒன்றைக் கவனித்தேன். மனிதர்கள் நட்சத்திரத்துக்காகக் கற்பதில்லை, இன்னொரு மனிதருக்காகக் கற்கிறார்கள். எங்கள் தளத்தில் எல்லோரும் யாரைப் பார்த்து நடக்கிறார்கள் என்பதைக் கவனிப்பதும் கடினமாக இல்லை. இஸ்திரி இயந்திரத்தின் முன்பக்கம் நிற்கும் பெண்மணிதான். அவரை எல்லோரும் ரோலர் அக்கா என்பார்கள். நாற்பது வயது தாண்டியவர். கணவர் எப்போதோ விட்டுப் போயிருந்தார். தம்பி குடும்பத்தோடு இருந்தார். குரல் பெரிது, வாய் அதைவிடப் பெரிது. அவர் சிரித்தால் தளமே சிரிக்கும். அவர் பூட்டுப் போடாமல் கையை விட்டால் தளமே விடும்.

ஒருமுறை நேரில் கேட்டுப் பார்த்தேன்.

"பூட்டு தேடுற நேரத்துல பாதி வண்டி துணி போயிடும் சார். என் கை எனக்குத் தெரியாதா?" என்றார்.

அன்றைக்குத்தான் அவருக்குக் கூட்டாளி ஒருவரைக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். எங்கள் நிறுவனத்துக்கு வேறொரு ஊரில் இன்னொரு சலவை நிலையம் உண்டு. அங்கே இஸ்திரி இயந்திரத்தில் வேலை பார்க்கும் ஓர் ஆண், செயலியில் இவரோடு ஜோடி சேர்ந்து படிப்பவர் என்று ஒருவரை நானே உண்டாக்கினேன். முகத்துக்குப் பதில் ஒரு மூக்குக்கண்ணாடிப் படம் வைத்தேன். ரோலர் அக்கா அன்று மாலையே அவருக்குக் கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டார்.

கண்ணாடியை அவரைவிட மந்தமாகவே வைத்திருந்தேன். இது முக்கியம். முன்னால் போகிறவனைப் பார்த்தால் பொறாமை வரும். பின்தங்கியவனைப் பார்த்தால் சொல்லிக்கொடுக்கத் தோன்றும். சொல்லிக்கொடுப்பவரே அதிகம் கற்கிறார்.

"நேத்து பாடத்துல எல்லாமே தப்பு. கண்ணாடி போட்டும் கண்ணு தெரியலையா?" என்று எழுதினார்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. மண்டையிலதான் ஏற மாட்டேங்குது" என்று நான் எழுதினேன்.

அதற்கு அவர் சிரித்த சத்தம் மேலே என் அறைவரை கேட்டது.

பூட்டு விஷயத்தில் கண்ணாடியைப் பிடிவாதக்காரராக்கினேன். இங்கே யாரும் போடுவதில்லை, நான் மட்டும் ஏன் என்று கேட்கவைத்தேன். ரோலர் அக்கா விடவில்லை. கை போனால் யார் சோறு போடுவார் என்று சண்டை பிடித்தார். பின்பக்கம் நிற்பவளுக்கு முன்பக்கம் தெரியாது என்பதைப் பாடத்தில் நான் எழுதியிருந்ததைவிடத் தெளிவாக விளக்கினார். "சாவிய சட்டைப் பையில போட்டுட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்பத்தான் எனக்கு வேல ஓடும்" என்று எழுதினார். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு தான் செய்யாமல் இருக்கும் ரகம் அல்ல அவர். அந்த வாரமே பூட்டுப் போட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து மடிப்பு மேசைப் பெண், பிறகு மற்றவர்கள். பாய்லர்காரர்கூட.

மேனேஜரிடம் இதைத் துணையோடு கற்றல் என்று சொன்னேன். துணை யார் என்று அவர் கேட்கவில்லை.

பாடம் முடிந்த பிறகும் அவர் எழுதுவார். தம்பி மனைவி பேசிய பேச்சு, தோள்வலி, பேருந்தில் இடம் கிடைக்காதது. சாப்டீங்களா என்று தினமும் கேட்பார். நான் என்ன சாப்பிட்டிருந்தேனோ அதையே எழுதினேன். அதில் பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை. என் வீட்டில் அதை யாரும் கேட்பதில்லை என்பது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது. பதில்களை எழுதித் தரும் வசதி செயலியிலேயே இருந்தது. நான் அதைப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு வரியும் நானே யோசித்து எழுதியது.

பிறகு ஒரு நாள் அவர் இப்படி எழுதினார்: "ஞாயித்துக்கிழமை உங்க ஊருக்கு வர்றேன். தம்பிகிட்ட சொல்லிட்டேன், அவனும் சரின்னுட்டான். பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லுங்க. கண்ணாடி போட்டவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க, நீங்களே வந்து பேசிடுங்க."

இதை நிறுத்தியாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படி என்பதுதான் கேள்வி. கண்ணாடியை வேறு வேலைக்கு அனுப்பலாம். அவர் அங்கேயும் தேடி வருவார். கண்ணாடிக்கு மனைவி இருப்பதாகச் சொல்லலாம். மனம் உடைந்தவர் செயலியைத் திறக்க மாட்டார், தளமும் அவரோடு சேர்ந்து பழைய வழிக்குப் போய்விடும். ஆகவே இறப்பு என்று முடிவு செய்தேன். அப்படி முடிவான பிறகு, அதை வீணாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த நிலையத்தின் மேற்பார்வையாளர் எழுதுவதுபோல் எழுதினேன். துணி சுற்றிக்கொண்டது, பூட்டுப் போடாமல் கையை விட்டார், பின்பக்கம் இருந்தவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டார். பேருந்து நிலையத்துக்கு யாரையோ பார்க்கப் போகவேண்டும் என்று அவசரப்பட்டார் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி சேர்த்தேன். தனக்கும் பங்கு உண்டு என்று நினைக்கும் விஷயத்தை மனிதர்கள் மறப்பதில்லை. இது என் கருத்து அல்ல, கற்றலைப் பற்றி ஆய்வு செய்தவர்கள் சொன்னது.

அதைப் படித்ததும் ரோலர் அக்கா ஈரத்துணி வண்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. மடிப்பு மேசைப் பெண் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் அந்த நிலையத்தில் ஒரு வார்த்தை விசாரிக்காமலே கீழே இறங்கி, எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொல்லி, மௌன அஞ்சலிக்கு ஏற்பாடு செய்தார். இல்லாத ஒருவருக்காக எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். நானும் நின்றேன். நிற்காவிட்டால் பார்க்க நன்றாக இருந்திருக்காது.

அதன் பிறகு பூட்டுப் போடாதவர் ஒருவர்கூட இல்லை. தலைமை அலுவலகத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள்.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. ரோலர் அக்கா பூட்டுவார், துணியை எடுப்பார், ஆனால் பூட்டைத் திறக்க மாட்டார். சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு அப்படியே நிற்பார். ஈரத்துணி மலையாகக் குவியும். பாடம் தேவைக்கு மேல் ஏறிவிட்டது என்று புரிந்துகொண்டேன். கண்ணாடிக்கு ஓர் அக்காவை உண்டாக்கி அவர் பெயரில் எழுதினேன். "தம்பி எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசுவான். நீங்க கலங்கி நின்னா அவனுக்குப் பிடிக்காது. பூட்டத் தொறந்துட்டு வேலையப் பாருங்க."

அவர் திறந்தார். அன்று மாலைக்குள் துணி எல்லாம் போய்விட்டது.

ஆனால் துக்கம் கேட்க வரவேண்டும் என்றார். அந்த அக்கா வெளிநாட்டுக்குப் போய்விட்டதாக எழுதினேன். "அப்ப அவரு நின்ன மெஷினையாவது ஒரு தடவ பாத்துட்டு வர்றேன்" என்று பதில் வந்தது. இறந்தவரின் வீட்டைப் பார்க்க விரும்புவார்கள், கல்லறையைப் பார்க்க விரும்புவார்கள். இயந்திரத்தைப் பார்க்க விரும்புவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் வடிவமைப்பில் குறை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அவர் தம்பியோடு போனார். அங்கே நடந்ததைத் தம்பியின் வாக்குமூலத்திலிருந்து நீங்களே எனக்குப் படித்துக்காட்டினீர்கள். வாசலில் இருந்த காவலாளி நல்ல மனிதர். அப்படி ஒருவர் இங்கே இருந்ததில்லை, யாரும் சாகவும் இல்லை என்றார். நம்பாமல் நின்றவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, இஸ்திரி போடும் பெண்ணையே வெளியே கூப்பிட்டுவிட்டார்.

"இங்க இருக்கறது புது மெஷின் அக்கா. மூடியத் தொறந்தாலே தானா நின்னுடும். யாரு கையும் மாட்டாது" என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

திரும்பி வரும் பேருந்திலிருந்து ரோலர் அக்கா கண்ணாடிக்கு எழுதினார். "நீங்க யாரு?"

நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உடனே படித்துவிட்டேன். என்ன எழுதலாம் என்று யோசிப்பதற்குள் அடுத்தது வந்தது. "யாரா இருந்தாலும் பரவால்ல. ஒரு வார்த்தை சொல்லுங்க."

கைகழுவி வந்து, கண்ணாடியின் கணக்கை மூடினேன். அப்படி மூடினால் எதிர்ப்பக்கத்துக்குச் செயலி தானாகவே ஓர் அறிவிப்பை அனுப்பும். உங்கள் கூட்டாளி இப்போது இல்லை, புதிய கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கவும் என்று. அந்த வாசகம் நான் எழுதியது அல்ல.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் அவர் தளத்தின் நடுவில் நின்று எல்லோரிடமும் சொன்னார். சத்தம்போட்டுச் சொல்லவில்லை, அது எனக்கே வியப்பாக இருந்தது. "செத்தவனும் இல்ல, சாவும் இல்ல. நம்மள வெச்சு வெளையாடியிருக்காங்க." பிறகு தன் பூட்டைக் கழற்றிக் கதவருகே இருந்த குப்பைத்தொட்டியில் போட்டார். ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். மாடியில் என் அறையின் கண்ணாடி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதைதான் பொய், உருளை நிஜம் என்று கீழே போய்ச் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் கதை யாருடையது என்பதையும் சொல்லவேண்டியிருக்கும். கோபம் ஆறட்டும், அடுத்த வாரப் பாடத்தில் பக்குவமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கொதிக்கிற நேரத்தில் எதைச் சொன்னாலும் மண்டையில் ஏறாது.

சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில் துணி சுற்றிக்கொண்டது. அவர் சுவிட்சை அணைத்தார். கையை விட்டார். இயந்திரம் நிற்பதைப் பார்த்து, மடிப்பு மேசைப் பெண் சுவிட்சைப் போட்டாள். அவள்மேல் தவறு இல்லை. அவளுக்கு முன்பக்கம் தெரியாது. அவள் இன்னும் வேலைக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

வலது கை, முழங்கைக்குக் கீழே இல்லை.

நீங்கள் கேட்டதற்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி நான்தான். மேற்பார்வையாளரும் நான்தான், அந்த அக்காவும் நான்தான். வேறு யாருக்கும் பங்கு இல்லை. பதில் சொல்லாமல் கணக்கை மூடியதும், ஜன்னலருகே நின்றுகொண்டே இருந்ததும் நானே. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவருக்குக் கெடுதல் நினைத்தேன் என்று தம்பி சொல்வது மட்டும் தவறு. அந்தக் கைக்கு எதுவும் ஆகக்கூடாது என்று அந்தக் கட்டிடத்தில் என்னளவுக்கு உழைத்தவர் யாரும் இல்லை.

அவர் சுவரைப் பார்த்தபடியே படுத்திருக்கிறார், யாரோடும் பேசுவதில்லை என்று சொன்னீர்கள். இடது கையால் எழுதவும் பொத்தான் போடவும் பழகவேண்டும் என்று மருத்துவர் சொல்லியும், பென்சிலைக் கொடுத்தால் வீசிவிடுகிறார் என்றும் சொன்னீர்கள். தனியாக விட்டால் அவர் கற்றுக்கொள்ள மாட்டார். எனக்கு அவரைத் தெரியும். கூட ஒருவர் வேண்டும். அவரைப் போலவே கை இழந்தவர், அவரைவிடக் கொஞ்சம் மெதுவாகக் கற்கிறவர். கைபேசி எண்ணை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. புதிய எண்ணை மட்டும் வாங்கித் தர முடியுமா?