அக்காவோட புது ரத்தம்

...இதுல ‘எளிய பாதை’ன்னு போர்டு வேற வச்சிருக்கான், பாத்தீங்களாண்ணே? யாருக்கு எளிய பாதை? ஆட்டுக்கா? எழுதினவன் கீழ ஆபீஸ்ல காத்தாடிக்கு அடியில உக்காந்துதான் எழுதியிருப்பான். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நானும் உக்காந்துக்கறேன். போதும் போதும், அவ்வளவு வேணாம்... சரி, இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. நம்ம உடம்பு அப்படி.

நமக்கு இந்த மலை, காத்து, குருவி, இதெல்லாம் ஒத்து வராதுண்ணே. வோன்ஜு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பிலியர்ட்ஸ் கூடம் வச்சிருக்கேன். தரைக்குக் கீழ. வெயிலும் எட்டிப் பாக்காது, மழையும் எட்டிப் பாக்காது. பசிச்சா ஒரு போன் போட்டா கருப்பு சாஸ் நூடுல்ஸ் சுடச்சுட வந்துரும். மனுஷன் வாழறதுக்கு வேற என்ன வேணும், சொல்லுங்க? அதை விட்டுட்டு ஞாயித்துக்கிழமை காலையில இந்தக் கல்லு மேல வந்து உக்காந்திருக்கேன்னா, எல்லாம் எங்க அக்காவால.

வர்றா, வர்றா. அந்த வளைவுக்குக் கீழ வந்துக்கிட்டிருக்கா. கோலை ஊணிக்கிட்டு மெதுவா வருவா.

பேரு ஹேரான். வோன்ஜுல மலையேறுறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. ஷூ, கயிறு, கூடாரம் விக்கிற கடை வச்சிருந்தா. பேருக்குத்தான் கடை. வெள்ளிக்கிழமை மத்தியானமே ஷட்டரை இறக்கிட்டு ஜிரிசான் மலையோ சொரக்சான் மலையோன்னு கிளம்பிடுவா. பனிக்குள்ள கூடாரம் போட்டுப் படுத்துட்டு வந்து, நல்லாத் தூங்கினேன்னு சொல்ற ஆளு. எனக்கு சூடு பண்ணின தரையில மெத்தை போட்டாலே தூக்கம் வராது. என் கல்யாணத்துக்கு வந்தாளே, மேல பட்டு உடுப்பு, கீழ மலையேறுற ஷூ. போட்டோவுல இன்னும் இருக்கு, கண்ணைக் குத்தற மாதிரி.

மூணு வருஷம் எங்களுக்குள்ள பேச்சே இல்லண்ணே. எங்கப்பா திவசத்தன்னிக்கு, சொந்தக்காரங்க அத்தனை பேரையும் வச்சுக்கிட்டு, ‘சோபாவுக்குக் கால் முளைச்சா நம்ம மான்சிக் மாதிரிதான் நடக்கும்’னுட்டா. மான்சிக் நான்தான். எல்லாரும் சிரிச்சாங்க. என் பொண்டாட்டிக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு, அப்படி ஒரு சிரிப்பு. கோவிச்சுக்கிட்டு எழுந்தேன். எழுந்திரிக்கவே நேரமாச்சு, அதுக்கும் சிரிச்சாங்க.

இப்படிப்பட்ட ஆளுக்கு என்ன நோய் வரணும்? முட்டி தேயணும். அதுதானே முறை? ரத்தப் புத்துநோய் வந்துது. ஏத்தத்துல மூச்சு வாங்கியிருக்கு, வயசாயிடுச்சுன்னு விட்டுட்டா. கால்ல நீல நீலமாக் கன்னியிருக்கு, பாறையில இடிச்சிருப்பேன்னு விட்டுட்டா. கீழ புகைக்குள்ள உக்காந்து நூடுல்ஸ் தின்னுக்கிட்டிருந்த எனக்கு ஒண்ணுமில்ல. என்ன டாக்டர் நியாயம் இதுன்னு கேட்டேன். இந்த நோய்க்கு நியாயமெல்லாம் கிடையாதுன்னுட்டார். படிச்சவர்.

எனக்கு எப்படித் தெரிஞ்சுதுங்கறீங்க? அக்கா சொல்லல. ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு அம்மா பேசினாங்க. உள்ள இருக்கற கெட்டுப்போன ரத்தத்தை மருந்து குடுத்து அடியோட அழிச்சுருவாங்களாம், அப்புறம் வேற ஒருத்தர்கிட்டேருந்து புது ரத்தம் உண்டாக்கற ஸ்டெம் செல் எடுத்து ஏத்தணுமாம், கூடப் பிறந்தவங்களா இருந்தா நாலுல ஒரு பங்கு பொருந்த வாய்ப்பிருக்காம். கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். எங்க ரெண்டு பேருக்கும் ஒரு டிவி சேனல்ல கூட ஒத்துப் போனதில்லண்ணே. ரத்தத்தைப் பாத்தா அச்சு அசல் பொருந்துதாம்.

அன்னிக்கு சாயங்காலம் அவளே போன் பண்ணினா. மூணு வருஷம் கழிச்சு முதல் பேச்சு. ‘சௌக்கியமா’ன்னு ஒரு வார்த்தை கிடையாது, ஒண்ணும் கிடையாது. ‘உனக்கு ஊசின்னா மயக்கம் வரும். வேணாம்னா சொல்லிடு. நான் எதுவும் நெனச்சுக்க மாட்டேன்.’ வச்சுட்டா. இது கெஞ்சலா மிரட்டலா, நீங்களே சொல்லுங்க.

போனேன். போகாம? நாலஞ்சு நாள் ஊசி போட்டாங்க. எலும்புக்குள்ள யாரோ பிலியர்ட்ஸ் ஆடற மாதிரி வலி. அப்புறம் ரெண்டு கையிலயும் குழாயைச் சொருகிப் படுக்க வச்சாங்க, கையை மடக்கக் கூடாது. மூக்கு அரிக்குது. நர்ஸைக் கூப்பிட்டு, மூக்கைச் சொறிஞ்சு விடும்மான்னு கேக்கற நெலமை என் எதிரிக்கும் வரக்கூடாது. இவ்வளவும் பண்ணி எடுத்தது என்ன? ஒரே ஒரு பை. தக்காளி சூப் கலர்ல. அதை அவளுக்கு ஏத்தறதுன்னா பெரிய ஆபரேஷன், பெரிய விளக்கு, டாக்டர் கூட்டம்னு நெனச்சேன். சும்மா டிரிப்ஸ் மாதிரி தொங்க விட்டாங்கண்ணே. ஒரு குட்டித் தூக்கம் போடறதுக்குள்ள முடிஞ்சுது.

வெள்ளரிக்காயா? குடுங்க. நல்லா இருக்கு. இதை அவ முன்னாடி தின்ன முடியாது. பச்சையா எதுவும் ஆகாதுன்னு ரொம்ப நாள் வச்சிருந்தாங்க. புளிக்க வச்ச கிம்ச்சியைக் கூட வேக வச்சுத்தான் குடுத்தாங்க. வேக வச்சு எடுத்தா, அதுல கிம்ச்சின்னு என்ன மிச்சம் இருக்கும்?

அந்த ரூமைப் பாக்கணும் நீங்க. ஜன்னல் இருக்கு, திறக்காது. காத்து வருது, வடிகட்டின காத்து. வெளிய பாத்தா மலையா தெரியும்? கார் நிறுத்தற இடம். மண்ணு ஆகாது, செடி ஆகாது. அவ கூட மலையேறுறவங்க பூ எடுத்துக்கிட்டு வந்து, வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. வானத்துக்குக் கீழ படுத்தாத்தான் தூக்கம் வரும்னு சொன்னவளை, வைத்தியம்ங்கற பேர்ல டப்பாவுல போட்டு மூடி வச்சிருந்தாங்க.

நாங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம். போன்ல பேசலாம். அவளால எங்க பேச? மருந்துல வாயெல்லாம் புண்ணாயி எச்சிலைக் கூட முழுங்க முடியல. முடி போச்சு, புருவம் போச்சு. செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. ரத்தத்துல எண்ணிக்கை ஏறணுமாம். தினம் பாக்கறாங்க, ஏறல. இன்னும் பொறுங்கன்னாங்க. எனக்கு ஒரே நெனப்புண்ணே. என் செல்லுதானே உள்ள போயிருக்கு? அது என்னை மாதிரிதானே இருக்கும்? எங்கயாவது ஓரமாப் பாத்து உக்காந்திருக்கும். அக்கா செத்தா என் சோம்பேறித்தனத்தாலதான் சாவான்னு... கேண்டீன்ல உக்காந்து சூப்பைப் பாத்துக்கிட்டே இருந்தேன். குடிக்கல.

எனக்கு ஆறுதல் சொல்லவெல்லாம் வராது. மத்தவங்க வந்து தைரியமா இரு, மலையையே ஏறினவ நீன்னு சொல்லிட்டுப் போவாங்க. நான் போனை எடுத்துப் புலம்புவேன். கேண்டீன் சூப்புல உப்பில்ல, லிஃப்ட்ல ஒருத்தன் காலை மிதிச்சுட்டான், கடையில பிலியர்ட்ஸ் குச்சியை உடைச்சவன் ஒத்துக்க மாட்டேங்கறான். ஒரு நாள் எனக்கே அசிங்கமாப் போச்சு. சாகக் கிடக்கறவகிட்ட என்ன பேசிக்கிட்டிருக்கோம்னு நிறுத்திட்டேன். திரும்பிப் படுத்திருந்தவ கையை மட்டும் நீட்டி, கட்டில் கம்பியில தட்டினா. நிறுத்தாதேன்னு. அன்னிக்கு ராத்திரி வரைக்கும் அந்த உடைஞ்ச குச்சியைப் பத்தியே பேசினேன்ணே. வெக்கமில்லாம.

ஏறுச்சு, ஏறுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மூணு நாள்ல எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுது.

அத்தோட விட்டுதா? என் செல்லு அவ உடம்போட சண்டைக்குப் போயிடுச்சு. தோலெல்லாம் சிவந்து போச்சு, கண்ணு காஞ்சு போச்சு. டாக்டர் சொல்றார், கொஞ்சமாச் சண்டை போட்டா நல்லதுதானாம், ஒளிஞ்சிருக்கற நோயையும் சேத்து அடிக்குமாம். இத்தனை வயசுக்கு அக்காவை ஒரு சண்டையில நான் ஜெயிச்சதில்ல. என் செல்லு எனக்கு முன்னாடி ஜெயிச்சிடுச்சு. அதை விடுங்க, ரத்தத்துல அவ ‘ஏ’ குரூப். நான் ‘பி’. ரத்த குரூப்பை வச்சே குணம் சொல்றவ அவ. சின்ன வயசிலேருந்து நான் எது பண்ணினாலும், பி குரூப் புத்தின்னு சொல்லுவா, சுயநலம், பிடிவாதம், பொறுப்பில்லன்னு. என் செல்லு போனதுல இப்ப அவளும் பி. டாக்டர் சொன்னப்ப அவ மூஞ்சியைப் பாக்கணுமே. நோய்னு சொன்னப்ப கூட அவ்வளவு வாடலயாம்.

இப்ப ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சின்ன குன்றா இருந்தா ஏறலாம்னு போன வாரம்தான் டாக்டர் விட்டார். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போலாம்னுதான் நான் வந்தது. தொட்டா உருட்டி விட்டுருவேன்னா. சரி, பின்னாடி வரேன்னேன். வேணாம், நான் விழறேனா விழறேனான்னு நீ பாத்துக்கிட்டே வருவேன்னா. கண்ணு காஞ்சு போனதுல வெளிச்சத்துல அவளுக்கு எல்லாம் மங்கல். அப்புறம் நின்னு சொன்னா: ‘நீ முன்னால போ. போய் எங்கயாவது உக்காந்து வழக்கம்போலப் புலம்பிக்கிட்டிரு. உன் சத்தம் கேட்டா, எவ்வளவு தூரம் பாக்கின்னு எனக்குத் தெரியும்.’

அதான்ணே உங்களைப் பிடிச்சேன். தனியா எப்படிப் புலம்பறது? பைத்தியம்பாங்க.

கிளம்பிட்டீங்களா? இருங்களேன், இன்னும் குடல் பிரச்சனையைச் சொல்லவே இல்ல... இல்ல, போயிட்டு வாங்க. உங்க ஆளுங்க மேல காத்துக்கிட்டிருப்பாங்க. வெள்ளரிக்காய்க்கு நன்றி. மெதுவாப் போங்க, கல்லு வழுக்குது.

...

போயிட்டார். எல்லாரும் போறாங்க. சரி. இந்தக் கல்லு இருக்கே, உக்காந்தா குளிருது. இதை எவன் வச்சான்? மரத்துல ஒரு பெஞ்சு போடத் தோணுதா? அங்க ஒரு குப்பைத்தொட்டி, அது நெறஞ்சு வழியுது. அந்தக் குருவிக்கு வேற வேலையே இல்லையா? அதுவும் என்னை மாதிரிதான்...

கோல் சத்தம் கேக்கலையே.

கேட்டுதே இப்ப. கொஞ்சம் முன்னாடி கேட்டுது. திரும்பிப் பாக்காதேன்னிருக்கா. பாக்கல, பாக்கல. நான் இங்க புதரைப் பாத்துத்தான் உக்காந்திருக்கேன். புதர்ல முள்ளு. முள்ளு எதுக்கு வச்சிருக்கான்? அக்கா, இந்த எளிய பாதையை எழுதினவன் மட்டும் கையில கிடைச்சான்னா, பிலியர்ட்ஸ் குச்சியாலயே... கேக்குதா? கேக்குதாக்கா? சத்தமாச் சொல்லட்டுமா? அந்தக் குச்சியை உடைச்சவன் இருக்கானே, போன வாரம் திரும்ப வந்தான். கூச்ச நாச்சமே இல்லாம ஒரு டேபிள் கேக்கறான். நான் குடுத்தேன்னு வச்சுக்கோ...

வந்துட்டியா.

மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்கு. இந்தா, தண்ணி. காய்ச்சின தண்ணிதான். வாங்கிக்கோ. உக்காரு, இந்தக் கல்லு நல்ல கல்லு, நான் சூடு பண்ணித்தான் வச்சிருக்கேன்... அக்கா? ஏய், அக்கா? என்னைத் தாண்டி எங்க போற? நிக்கக்கூட மாட்டியா? நான் இன்னும் எழுந்திரிக்கவே இல்ல.

என்னது? கேக்கல, திரும்பிச் சொல்லு.

சரி சரி. பேசிக்கிட்டேதான் வரேன். போ.