பெண்கள் பள்ளிக்கூடத்தில் குடியேறிய நாடாளுமன்றம்

மைக் என் கைக்கு வந்துவிடக் கூடாதே என்ற கவலையோடு தலைமை வகிக்கும் கோயில் தலைவர் அவர்களே! தூறலில் குடை பிடித்து நிற்கும் தாய்மார்களே! நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே கைதட்டத் தெரிந்த பெரியோர்களே! வாயாடி காவ் பி-லியனின் வணக்கம்.

நம் தைவான் தலைநகர் தாய்பேயில் நாடாளுமன்றம் எங்கே கூடுகிறது? மாளிகையிலா? மணிமண்டபத்திலா? இல்லை! நானும் நம் வேட்பாளர் லியாவ் சியோக்-ஹுன்னும் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில்! ஜப்பானியர் கட்டினார்கள், போரில் குண்டு விழுந்தது, பிள்ளைகள் போனோம், பிற்பாடு சீனாவில் ஆட்சியை இழந்து ஓடிவந்த பிரதிநிதிகள் வந்தார்கள். "சீனாவை மீட்டதும் கிளம்பிவிடுவோம்" என்று பெட்டியைப் பிரிக்காமல் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தார்கள், உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள்!

நாங்கள் வருடா வருடம் பரீட்சை எழுதினோம். அவர்களோ 1948இல் சீனாவில் ஒரு தேர்தலில் ஜெயித்துவிட்டு, நாற்பத்து மூன்று ஆண்டுகள் அதே பெஞ்சில்! ஊன்றுகோலோடு வந்தார்கள், சக்கர நாற்காலியில் வந்தார்கள்.

என்னம்மா கேட்கிறீர்கள்? தூங்கினார்களா? குறட்டையை எந்தப் பக்கத்து ஓட்டாக எண்ணினார்கள் என்று எனக்குத் தெரியாது!

போன வருடக் கடைசியில் ஒருவழியாக எழுந்தார்கள். மிச்சமிருக்கும் இளசுகளோ மேஜை மேல் ஏறுகிறார்கள், மைக்கைப் பிடுங்குகிறார்கள். அதே கட்டடத்தில் நாங்கள் தாழ்வாரத்தில் ஓடினாலே டீச்சர் முறைப்பார், ஐயா!

சிரித்தது போதும். நேற்று நாங்கள் இருவரும் அந்த வாசலுக்குப் போனோம். காவலர் தன்மையாகத்தான் சொன்னார்: "அம்மா, வேடிக்கை பாக்கறவங்க அந்தப் பக்கம் நில்லுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் சியோக்-ஹுன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அறுபத்து நாலு வயசுல எனக்கு எதுக்குடி இதெல்லாம்? நாளைக்கு நான் மேடை ஏறலை. நீயே ஏதாச்சும் சொல்லிச் சமாளி."

சமாளிக்க மாட்டேன்! அவள் கணவரை உங்களுக்குத் தெரியும். ராணுவச் சட்ட காலத்தில், "தேர்தல் எப்போது?" என்று கேட்டதற்காகப் பத்து ஆண்டுகள் தீவுச் சிறையில் கிடந்தவர். பதில் கிடைக்காமலே செத்தார். பஸ்ஸென்றும் பாராமல் கத்தினேன்: "வேடிக்கை பாக்கவாடி அந்த மனுஷன் உள்ள போனாரு? தேர்தல் எப்போன்னுதானே கேட்டாரு? வர்ற சனிக்கிழமைன்னு ஊரறியச் சொல்லுடி!"

மேடை ஏற மாட்டேன் என்றவள் கூட்டத்துக்கு மட்டும் வந்துவிட்டாள். இதோ, ஊதுபத்தி மேஜைக்குப் பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

தாய்மார்களே, தேர்தல் எப்போது? கேட்கவில்லை! எப்போது? ஆ, அந்தக் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது!

அட, எழுந்துவிட்டாள். அழாதே சியோக்-ஹுன், படி ஈரமாக இருக்கிறது, பார்த்து ஏறு. நனைந்துகொண்டே கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். மைக்கைத் தருகிறேன், யாரும் பிடுங்க வேண்டியதில்லை. சனிக்கிழமை என்று அவள் வாயால் சொல்லட்டும்.